பதினெட்டாம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும்

வவுனியா
22.09.2024

பதிவறையின் மகாராணி சாரங்கா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னரே வாசிக்கப்போகும் வார்டன் ஐயாவுக்கு முதல் வணக்கம். ஐயா, மணியடிக்கிற கட்டையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டது நானில்லை. அது மிதந்ததைப் பார்த்தவன் மட்டும்தான்.

அக்கா, இந்த இடத்துக்கு விடுதி என்று பெயர் வைத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரையும் விடுகிறார்கள் இல்லை. போனைப் பறித்து மூன்று கிழமை. செய்த குற்றம்: வார்டன் ஐயாவின் குறட்டையைப் பதிந்து காலைப் பிரார்த்தனைக்குப் போட்டுவிட்டேன். தேவாரத்தைவிடச் சுருதி சுத்தம் என்று பெடியள் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு: பரீட்சை முடியும்வரை போன் இல்லை, கடிதம்தான்.

உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவறை கட்டினவர்கள் பக்கத்தில் ஒரு பதிலறையும் கட்டியிருக்கலாம்.

பத்தாம் திகதி அம்மாவைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் கொண்டுபோனது எப்படிப் போனது? அம்மா இன்னும் அதைக் ‘கட்டி’ என்றுதானே சொல்லுகிறா? அப்பா ஒகஸ்ட் லீவில் என்னை வயல் வரம்புக்குக் கூட்டிக்கொண்டு போய், “இது புற்றுநோயாமடா. கொம்மாக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அண்டைக்கே படுத்திடுவா” என்று சொன்னார். அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். நான் முடித்துக் கொடுத்தேன். எப்படி என்று கேளாதே. நீ ஆஸ்பத்திரியில் வருத்தங்களுக்கெல்லாம், நோய் ஒவ்வொன்றுக்கும், நம்பர் போடுகிறவள், என் கெட்டித்தனத்துக்கும் ஒரு நம்பர் போட்டுவிடுவாய்.

உண்மையாகக் கேட்கிறேன், வாய் திறந்தால் பொய் சொல்லுகிற பதினேழு வயதுப் பெடியனுக்கு உன் தடித்த புத்தகத்தில் என்ன நம்பர்?

இன்னும் நம்பர் வழங்கப்படாத உன் தம்பி,
சுகிர்தன்


கிளிநொச்சி
20.10.2024

தம்பி சுகிர்தனுக்கு,

மூன்று கடிதங்களும் கிடைத்தன. பகிடிகளுக்குப் பதில் இல்லை. வார்டனிடம் சொல்லி உன்னைப் போனுக்குக் கூப்பிட்டிருக்கலாம். போனில் நீ கதையை மாற்றிவிடுவாய். அதனால் எழுதிக் கேட்கிறேன், எழுதிப் பதில் தா.

நடந்தது இது. யூலை கடைசியில் அம்மா எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு நாள் இருந்தா. மார்புக் கட்டியில் சதை எடுத்து வெளியூர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு ஒகஸ்டில் வந்தது. எங்கள் அறையில் வேலைசெய்யும் கமலாசனி அக்கா அந்தக் கடதாசியை அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டி, கொப்பியை அப்பாவிடம் கொடுத்ததாகத் தன் பதிவில் எழுதியிருக்கிறா.

செப்டெம்பர் 10இல் பெரியாஸ்பத்திரி டொக்டர் கொப்பியை இரண்டு தரம் புரட்டினாராம். கடதாசி இல்லை. “சோதனை முடிவு இல்லை, முடிவுடன் வரவும்” என்று எழுதி நவம்பர் 12க்குத் திகதி போட்டிருக்கிறார். முடிவைக் காணாமல் மருந்து தொடங்கமாட்டார்கள். ஆய்வுகூடத்திடம் பிரதி கேட்டு எழுதியாயிற்று. வரவில்லை.

இப்போது கடதாசியைத் தொலைத்தது கமலாசனி அக்கா என்று விசாரணை. எட்டு வருடமாகத் தற்காலிக ஊழியராக இருக்கிறா. டிசம்பரில் நிரந்தர நியமனம். விசாரணை அந்த மாதம் 13ஆம் திகதி. பிழை என்று முடிந்தால் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். உனக்கு டொபி இனிப்புத் தருகிற அதே கமலாசனி அக்காதான்.

அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்தா. அப்பா, “அப்பிடி ஒரு கடதாசியும் எங்களுக்குத் தரேல்ல” என்று சொன்னார். கமலாசனி அக்காவும் அங்கேதான் நின்றா. கையில் இருந்த பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தா.

பிறகு நான் வயலில் தனியாகக் கேட்டேன். அப்பா வாய்க்காலில் புல்லுச் செதுக்கிக்கொண்டே, “தம்பியிட்டக் கேள்” என்றார்.

கேட்கிறேன். கடதாசியைக் கண்டாயா? எடுத்தாயா? எங்கே?

சாரங்கா


வவுனியா
27.10.2024

அக்கா,

உன் கடிதத்தை வார்டன் ஐயா என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வழமையாக வாசித்ததும் ஒரு ‘ம்’ சொல்லுவார். இந்த முறை அதுவும் இல்லை.

கடதாசியா? நான் கண்ட கடதாசிகள்: கணிதப் பாடத்தில் முப்பத்திரண்டு புள்ளி, ஒன்று. அதை மடித்துச் செய்த விமானம், ஒன்று. அந்த விமானம் கணித ஆசிரியரின் தேநீருக்குள் இறங்கியது. விமானி உயிர் தப்பவில்லை. வேறு கடதாசி பற்றிய தகவல் என்னிடம் இல்லை.

சாப்பாடு இங்கே ஒரே பருப்பு. பருப்பும் வேகுதில்லை, எங்கள் பருப்பும் வேகுதில்லை.

கமலாசனி அக்காவுக்கு ஒன்றும் நடக்காது. பன்னிரண்டாம் திகதி அம்மா போகிறாதானே? கண்ணுள்ள டொக்டர் என்றால் காணவேண்டியதைக் காணுவார். பிறகு எல்லாம் தன்பாட்டில் சரிவரும்.

அப்பாவிடம் ஒரு சொல் மட்டும் சொல்லிவிடு. ‘மூலை’. அவருக்கு விளங்கும். இந்தத் தரம் எப்படியாவது சொல்லச் சொல்லு.

அம்மா சாப்பிடுகிறாவா?

சுகிர்தன்


கிளிநொச்சி
17.11.2024

சுகிர்தன்,

‘மூலை’ என்று அப்பாவிடம் சொன்னேன். மண்வெட்டியைச் சுவரோடு சாத்திவிட்டு வெளியே போய்விட்டார். நான் அன்றைக்கே கொப்பியை எடுத்து ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை.

12ஆம் திகதியும் அப்பா டொக்டரிடம் சொல்லவில்லை. அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தாவாம். டொக்டர் மறுபடியும் “முடிவு எங்கே?” என்று கேட்டாராம். அப்பா கூரையைப் பார்த்தாராம். இன்னொரு திகதி கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது அக்கராயன் சந்தியில் பஸ்ஸால் இறங்கிய இடத்தில் மழை பிடித்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து சேர முதல் பை முழுக்கத் தண்ணீர். அம்மா கிளினிக் கொப்பியைக் குசினிக்குள் கொண்டுபோய் அடுப்புக் கரையில் விரித்துக் காயவைத்தா. சோற்றுக்கு உலை வைத்திருந்தா. கொதித்த ஆவியில் ஒட்டிக்கிடந்த பதினெட்டாம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும் தன்பாட்டில் கழன்று வந்தன. நடுவில் அந்தக் கடதாசி.

அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவா ஒரு சொல்லை மட்டும் கூட்டிக்கொண்டு, கொப்பியோடு அடுத்த வீட்டு வேலிக்குப் போயிருக்கிறா. யதுர்ஷிகா உயிரியல் படிக்கிறவள்தானே. இதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

“பிள்ளை, இந்தச் சொல் என்ன?”

“தெரியாது மாமி.”

“உனக்குத் தெரியும். சொல்லு.”

“புற்றுநோய், மாமி.”

“சரி.”

பிறகு அம்மா வேலிக்கரையில் இருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்து தேங்காய்ப்பால் சொதியைத் தாளித்தா. அப்பாவுக்குச் சாப்பாடு போட்டா. அப்பா சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கொப்பியை அவருக்கு முன்னால் வைத்திருக்கிறா.

அடுத்த நாளே நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். டொக்டர் பத்தொன்பதாம் பக்கத்தை வாசித்துவிட்டுத் திகதியைப் பார்த்தார். “இது ஒகஸ்ட்டில வந்திருக்கு. இப்ப நவம்பர்” என்றார். ஸ்கானுக்கு எழுதினார்.

தாளின் ஓரத்தில் காய்ந்த கம் பசை இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணித ஆசிரியரின் புள்ளிப் புத்தகப் பக்கங்களை ஒட்டி நீ செய்த அதே வேலை.

நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி அனுப்பு. விசாரணைக்குக் கொடுக்கவேண்டும். எழுதும்போது பிழைவிட்டால் அழிக்காதே, வெள்ளை மை பூசாதே. ஒரே ஒரு கோடு போடு. கோட்டுக்குக் கீழே பழையது வாசிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் திகதியும். எங்கள் அறையில் அதுதான் சட்டம்.

சாரங்கா


வவுனியா
21.11.2024

அக்கா,

வார்டன் ஐயா இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

ஒகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. கமலாசனி அக்கா கடதாசியைப் பத்தொன்பதாம் பக்கத்தில் வடிவாக, நாலு மூலைக்கும் கம் வைத்து ஒட்டியிருந்தா. கிழிக்க ஏலாது, டொக்டருக்கு வேண்டும். கொப்பியை ஒளித்தால் அம்மா தேடுவா. அவா ஒவ்வொரு கிளினிக்குக்கும் முதல்நாள் கொப்பியை முன் மட்டையில் இருந்து கடைசி வரைக்கும் பார்க்கிறவா. அதனால் பதினெட்டையும் பத்தொன்பதையும் முகத்துக்கு முகம் வைத்து மூன்று கரையும் ஒட்டினேன். மேல் மூலையில் விரல் நுழைகிற அளவு விட்டு, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். டொக்டர் அந்த இடத்தைப் பிடித்து இழுத்தால் கழலும். அப்படித்தான் திட்டம்.

அப்பாவுக்குக் காட்டினேன்.

“டொக்டரிட்ட மட்டும் இந்த மூலையப் பிடிச்சு இழுக்கச் சொல்லுங்கோ, அப்பா.”

“கொம்மா பக்கத்தில இருப்பாவேடா.”

“அவா அங்கால பாக்கேக்க சொல்லுங்கோ.”

“பாக்காட்டி?”

“இருமுங்கோ. இருமிப்போட்டுக் கண்ணால காட்டுங்கோ.”

அப்பா இருமிப் பார்த்தார். கண்ணை உருட்டிக் கொப்பியைக் காட்டினார். மாடு மிரண்ட மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தக் கிழமையில் அப்பா சிரித்தது அப்போது மட்டும்தான். அதனால் நல்ல வேலை செய்தேன் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகையும் இல்லை. பகிடியும் இல்லை. பெடியள் வார்டன் ஐயாவின் செருப்பை மாமரத்தில் கட்டினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள், போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏணிக் கம்பி எத்தனை என்று எண்ணினேன். பதினொன்று.

விசாரணைக்கு இன்னும் எழுதவில்லை. இரண்டு தரம் தொடங்கினேன். எழுதினால் அப்பா ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது வெளியே வரும். எழுதாவிட்டால் கமலாசனி அக்கா. இரண்டு பேரும் என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

இன்னொன்று கேட்கவேண்டும். கோபிக்காதே. கோபித்தாலும் பரவாயில்லை. யூலையில் அம்மா வார்டில் இருந்தாவே, அந்தக் கோவைக்கு, அவவின் பைலுக்கு, நம்பர் போட்டது யார்? நீதானே? அப்பா உனக்கும் சொல்லியிருந்தார். கடதாசி கொப்பியில் இல்லாவிட்டாலும் உன் தலைக்குள் இருந்தது. என்ன நம்பர் போட்டாய்?

சுகிர்தன்


கிளிநொச்சி
01.12.2024

தம்பி,

டி 48.

அப்படியென்றால், கட்டி ஒன்று உண்டு, அது நல்லதா கெட்டதா என்று தெரியாது.

எங்கள் வேலையில் முதலாவது பாடம், எழுதியிருப்பதற்கு மட்டும்தான் நம்பர். டொக்டர் சந்தேகம் என்று எழுதினால் சந்தேகம். எழுதாததை நாங்கள் ஊகித்துப் போடக்கூடாது. அம்மாவின் கோவை ஒகஸ்ட் 20இல் என் மேசைக்கு வந்தது. அதில் சோதனை முடிவு இல்லை, ஏனென்றால் அது கொப்பியில் ஒட்டியாயிற்று. ஆகவே டி 48. சட்டப்படி சரி. யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். இதுவரைக்கும் கேட்கவில்லை, உன்னைத் தவிர.

ஆனால் முடிவு இல்லாத கோவை வந்தால் நம்பர் போட முதல் தேடவேண்டும். அதுவும் பாடம்தான். கமலாசனி அக்கா எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தா. திரும்பி, “அக்கா, அம்மான்ர ரிசல்ட் வந்ததோ?” என்று கேட்டிருந்தால் போதும். வந்த திகதி அவவின் பதிவில் இருந்தது. ஆய்வுகூடத்துக்கு அன்றைக்கே எழுதியிருக்கலாம். புற்றுநோய்க்கான சி நம்பர் போட்டிருந்தால் அம்மாவின் பெயர் வேறு பட்டியலுக்குப் போயிருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கவில்லை என்றால் ஒரு மாதத்தில் எங்கள் ஆட்களே தேடி வருவார்கள். வாசலுக்கே வருவார்கள்.

நான் திரும்பிக் கேட்கவில்லை. டி 48 என்று எழுதினேன். எழுதினபோது மனம் இலேசாக இருந்தது. என் கையாலேயே ‘தெரியாது’ என்று எழுதியதால் உண்மையிலேயே தெரியாது போல இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவோடு இருந்து பயற்றங்காய் முறித்தேன்.

நீ கம் பூசினாய். நான் நம்பர் பூசினேன்.

ஸ்கான் முடிவு வந்துவிட்டது. முள்ளந்தண்டு எலும்பில் இரண்டு இடம். டொக்டர் ஒகஸ்டிலேயே அங்கே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை இனி யாரும் சொல்ல இயலாது. நாலாம் திகதி மருந்து தொடங்குகிறார்கள்.

போன வெள்ளி பொறுப்பதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டுக் கோவையை எடுத்தேன். டி 48இன் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் சி 50 எழுதினேன், அது தொடங்கின இடம். கீழே சி 79, அது போய்ச் சேர்ந்த இடம். இரண்டும் எழுதவேண்டும். ஒன்றை விட்டால் ஆள் அரைவாசிதான் பதிவில் இருப்பா. கையெழுத்து, திகதி. பெயருக்கு நேரே ‘யோகநாதன் இராசேஸ்வரி, வயது 51’ என்று இருந்தது. கமலாசனி அக்கா தன் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. நான்தான் சொன்னேன், “என்ர தம்பி ஒட்டினது, அக்கா.” அவா, “கம் என்ன கம்?” என்று கேட்டா. “எங்கட கம் அவ்வளவு பிடிக்காது” என்றா.

என் பங்கை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். “நானும் வந்து சொல்லுறன்” என்றார். வேட்டி தோய்த்துக் காயப்போட்டிருக்கிறார். ஒட்டினது நீ. அதை நீ எழுதாவிட்டால் மற்ற இரண்டும் கேள்விப்பட்ட கதைதான். கடைசித் திகதி 13.

உன் முதல் கடிதத்தில் உனக்கு என்ன நம்பர் என்று கேட்டாய். தேடிப் பார்த்தேன். இல்லை.

அக்கா


வவுனியா
08.12.2024

அக்கா,

அம்மாவுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் சரிவரும்.

நேற்று வார்டன் ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசை லாச்சிக்குள் இருந்து என் போனை எடுத்துத் தந்தார். “கொம்மாவோட கதை. அஞ்சு நிமிசம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவையும் சாத்தினார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார் என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் கிணற்றடி வரைக்கும் போனது.

“அம்மா.”

“சாப்பிட்டியோ?”

“ஓம்.”

“என்ன கறி?”

“பருப்பு.”

“இங்க எனக்கு ஒண்டும் வாய்க்குப் பிடிக்குதில்லை. மருந்து அப்பிடியாம். கஞ்சி குடிச்சனான்.”

“அம்மா, நான்தான் ஒட்டினனான்.”

“தெரியும். உன்ர வேலை எனக்குத் தெரியாதே. கரை பிசகாம ஒட்டியிருந்தனி.”

நான் ஏதாவது பகிடி சொல்லவேண்டும் என்று பார்த்தேன். வாய்க்குள் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. நாலு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

“அது என்ர கொப்பியடா, தம்பி” என்றா.

கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன் கொப்பியை மாறி எடுத்தவனிடம் சொல்லுமே, அந்த மாதிரி. பிறகு, கொப்பிக்குப் புது உறை போட்டிருப்பதாகச் சொன்னா. இனி டொக்டரிடம் தானே நீட்டுவாவாம். அப்பாவை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டாவாம். அவர் அங்கே இருந்து இருமுகிறாராம்.

இத்தோடு விசாரணைக்கு எழுதின தாள் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். ஒகஸ்ட் 18, எந்தப் பக்கம், எத்தனை கரை, எந்த மூலை, எல்லாம் இருக்கிறது. கமலாசனி அக்கா கடதாசியைத் தந்தா, ஒட்டித் தந்தா, அவவில் பிழை இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். அப்பா சொன்னதையும் எழுதியிருக்கிறேன். ‘மாடு மிரண்ட மாதிரி’ என்று எழுதின இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கீழே வாசிக்கலாம். வார்டன் ஐயா சாட்சிக்குக் கையெழுத்து வைத்தார். தாளை இரண்டு தரம் வாசித்தார். இந்தக் கடிதத்தை மட்டும் வாசிக்கமாட்டாராம், உறையைத் தானே ஒட்டித் தருவாராம்.

இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்திருப்பாய். பேனை தன்பாட்டில் எழுதிவிட்டது. பழக்கம். கிழித்துவிட்டு வேறு தாளில் தொடங்கலாம் என்று நினைத்தேன். தொடங்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்.

பக்கத்தில் என் கையெழுத்தும் திகதியும் இருக்கின்றன.

யோ. சுகிர்தன்